கேபிள் மாற்றிய பிறகு ரேஸ் இறங்காத பைக்: ஐட்லிங் ஸ்குரூவை முதலில் தொடாதீர்கள்

அக்சிலேட்டர் கேபிளைப் புதிதாகப் போட்டு ஸ்டார்ட் செய்கிறீர்கள். கையை விட்ட பிறகும் எஞ்சின் 2500, 3000 ஆர்பிஎம்மில் (நிமிடச் சுற்றில்) நின்று கத்துகிறது, அதாவது ரேஸ் இறங்கவில்லை. உடனே பலர், கிரிப்பைத் திருகாதபோது எஞ்சின் ஓடும் வேகத்தை வைக்கும் ஐட்லிங் ஸ்குரூவைத்தான் திருகத் தொடங்குவார்கள். திரொட்டில் (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் கதவு) எதுவரை மூடலாம் என்பதற்கு ஓர் எல்லை வைப்பது மட்டுமே அந்த ஸ்குரூவின் வேலை. கேபிளே திரொட்டிலை இழுத்துப் பிடித்திருந்தால், ஸ்குரூவை எவ்வளவு வெளியே எடுத்தாலும் ரேஸ் இறங்காது. பிறகு யாராவது கேபிளைச் சரிசெய்தால் பைக் ஐட்லிங்கில் நிற்காமல் அணையும். பழி, பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேட்டர் மீது விழும்.

ஆகவே முதலில் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். பைக்கைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, சோக் வேலை செய்யாதபடி அதை முழுதாக ஓஃப் செய்துவிடுங்கள். கேபிள் அட்ஜஸ்டரின் லொக் நட்டைத் தளர்த்தி, கேபிள் நன்றாகத் தொய்யும் பக்கமாக அட்ஜஸ்டரைத் திருப்புங்கள். ரேஸ் இறங்கினால் பிழை கேபிளில். இறங்காவிட்டால் வேறு இடத்தில் தேட வேண்டும். (மூடிய கராஜுக்குள் எஞ்சினை ஓடவிட்டு இதைச் செய்ய வேண்டாம். புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை.)

கேபிள்தான் என்றால், கிரிப்பின் விளிம்பில் அளந்து பாருங்கள். திரொட்டில் அசையத் தொடங்குமுன் கிரிப் 2 முதல் 6 மில்லிமீற்றர் வரை சும்மா திரும்ப வேண்டும். மொடலுக்கு மொடல் இது சற்று மாறும், ஆனால் ஒருபோதும் பூச்சியம் ஆகக் கூடாது. அடுத்து, எஞ்சின் ஓடும்போதே ஹேண்டிலை இடம் வலமாகக் கடைசிவரை திருப்புங்கள். ஒரு பக்கம் ரேஸ் ஏறினால் கேபிள் போகும் பாதை பிழை, அல்லது கேபிள் கட்டை. இதைக் கவனிக்காமல் விடுவது ஆபத்து: கொழும்பு வெள்ளவத்தையில் ஓர் ஒடுங்கிய ஒழுங்கைக்குள் யூ-டர்ன் அடிக்கும்போது பைக் தானாகப் பாயும்.

கேபிள் வாங்கக் கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தைக்குப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். வெளியுறையின் நீளத்தை மட்டுமல்ல, இரு முனையிலும் வெளியே தெரியும் உள்கம்பியின் நீளத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். மொடல் பெயர் ஒன்றாக இருந்தாலும் காபரேட்டர் வண்டிக்கும் இன்ஜெக்ஷன் வண்டிக்கும் கேபிள் வேறாக இருக்கலாம். கேபிளைப் பூட்டும்போது உறையின் உலோக முனை பிடிப்பானுக்குள் முழுதாக உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பாருங்கள். அது விளிம்பில் ஏறி நின்றாலே இரண்டு மூன்று மில்லிமீற்றர் தொய்வு காணாமல் போய்விடும்.

சிடி 100, ஸ்பிளெண்டர் போன்ற பழைய ஸ்லைட் காபரேட்டர் வண்டிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. இவற்றில் மேலும் கீழும் நகரும் ஸ்லைட்தான் திரொட்டில், கேபிள் மாற்ற அந்த ஸ்லைடையே வெளியே எடுக்கிறோம். திரும்பப் போடும்போது ஸ்லைடின் அடியில் வெட்டப்பட்ட பக்கம் எயார் ஃபில்டரைப் பார்க்க வேண்டும், பக்கவாட்டுப் பள்ளம் உடலிலுள்ள ஊசியில் பொருந்த வேண்டும். முன்பின் மாறினால் ஸ்லைட் முழுதாக இறங்காது, எஞ்சின் ஸ்டார்ட் ஆனதுமே அலறும். காபரேட்டரின் மேல்மூடியை இறுக்குமுன் எஞ்சினை நிறுத்தியபடி கிரிப்பைத் திருகி விடுங்கள். உள்ளே ‘டக்’ என்று ஸ்லைட் அடியில் விழும் சத்தம் தெளிவாகக் கேட்க வேண்டும். மந்தமாகக் கேட்டால் மறுபடி திறவுங்கள்.

கிரிப்பையும் விட்டுவிடாதீர்கள். றப்பரை உள்ளே அதிகம் தள்ளிவிட்டால் அது சுவிட்ச் கூட்டில் உரசி, திரும்பி வராமல் நிற்கும்.

கேபிளைத் தளர்த்தியும் ரேஸ் இறங்காவிட்டால் காற்றுக் கசிவைச் சந்தேகியுங்கள். மூடியைத் திறக்கக் காபரேட்டரைச் சரிக்கும்போது, காபரேட்டரையும் எஞ்சினையும் இணைக்கும் மெனிஃபோல்ட் றப்பர் வெடித்தோ கிளிப் தளர்ந்தோ இருக்கலாம். இதற்கான அடையாளம், கையை விட்டதும் ரேஸ் உடனே இறங்காமல் மெதுமெதுவாக இறங்குவது. எஞ்சின் ஓடும்போது அந்த மூட்டில் சிறிது தண்ணீர் தெளியுங்கள். சத்தம் மாறினால் கசிவு அங்கேதான். சூடான எஞ்சினில் பெற்றோல் தெளித்துப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு, அதைச் செய்யாதீர்கள்.

இவையெல்லாம் சரியான பிறகுதான் ஐட்லிங் ஸ்குரூ. 100, 150 சிசி வண்டிகளில் பெரும்பாலும் சூடான எஞ்சினுக்கு 1400 ஆர்பிஎம், 100 கூடக் குறைய இருக்கலாம். கொழும்பின் காலி வீதி (Galle Road) நெரிசலில் அணையாமலிருக்க 2000க்கு ஏற்றி வைப்பவர்கள் பெற்றோலை வீணாக்கி எஞ்சினையும் சூடாக்குகிறார்கள், முதல் கியர் போடும்போது ‘டங்’ என்று இடிப்பதும் அதனால்தான்.

இன்ஜெக்ஷன் வண்டியில் திரொட்டில் பொடியிலுள்ள, பெயின்ட் பூசிய ஸ்டொப் ஸ்குரூவில் கைவைக்கவே கூடாது. ஐட்லிங்கைக் கணினிதான் பார்க்கிறது. கேபிள் சற்று இறுகித் திரொட்டில் முழுதாக மூடாவிட்டால், கை விட்டதே அதற்குத் தெரியாது. அங்கேயும் தொய்வைச் சரிசெய்வதே வேலை.

கடைசியாக லொக் நட்டை இறுக்கும்போது அட்ஜஸ்டரும் சேர்ந்து சுற்றும். இறுக்கிய பின் தொய்வை மறுபடி அளந்து, ஹேண்டிலை இருபக்கமும் திருப்பிப் பாருங்கள். புதுக் கேபிளின் உறை முதல் சில நூறு கிலோமீற்றரில் அமுங்கித் தொய்வு கூடும், அப்போது ஒருமுறை திருத்த வேண்டும். பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கம் வெளியில் நிறுத்தும் வண்டிகளில் உப்புக்காற்றும் மழையும் கேபிளின் மேல்முனை வழியாக இறங்கி உள்கம்பியைத் துருவேற்றும். ஹேண்டில் பக்கத்து றப்பர் மூடியைக் கழற்றி எறியாமல் திரும்பப் போடுங்கள்.