சதுர அடியைப் பார்த்துக் கப்பல் சூட் வாங்காதீர்கள்

போன வாரம் திருச்சியிலிருந்து ஒரு தம்பதி என் டிராவல்ஸ் அலுவலகத்துக்கு வந்திருந்தார்கள். அவர் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்பதாவது திருமண நாளுக்காக, வெளிநாட்டில் இருக்கும் மகன் மத்தியதரைக் கடலில் ஏழு இரவு கப்பல் பயணம் போட்டுக் கொடுத்திருந்தார். சாதாரண கேபின் இல்லை, சூட், அதாவது பெரிய சொகுசு அறை. விசா வேலையை மட்டும் நான் பார்த்தேன். பயணம் எப்படி இருந்தது என்று கேட்டதும் சார் எதுவும் சொல்லவில்லை. அம்மா கைபேசியை எடுத்து ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டினார். படமே இல்லை, வெறும் இருட்டு. சத்தம் மட்டும்: கர்ர்ர், சற்று இடைவெளி, மறுபடி கர்ர்ர். "காலையில அஞ்சு மணி தம்பி. தினமும் இதேதான்."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அவர்களுடைய சூட் நீச்சல் குளம் இருக்கும் டெக்குக்கு (தளத்துக்கு) நேர் கீழே. விடியற்காலையில் ஊழியர்கள் தளத்தைக் கழுவிவிட்டு, சாய்வு நாற்காலிகளை இழுத்து வரிசையாகப் போடுகிற சத்தம் அது.

இரண்டாவது நாள் சூட் விருந்தினர்களுக்கான லவுஞ்சுக்குப் போயிருக்கிறார்கள். கதவில் அட்டையை வைத்ததும் சிவப்பு விளக்கு. உள்ளேயிருந்து வந்த பெண், உங்கள் அறை வேறு பிரிவு என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டார். "சூட்னுதானே தம்பி போட்டிருந்தது?" என்று சார் அப்போதுதான் வாய் திறந்தார்.

இந்த வருஷம் என்னிடம் வந்த நான்காவது கதை இது. அதனால்தான் எழுதுகிறேன்.

மகன் ஆசையாகத்தான் செய்திருக்கிறார். இரண்டு கப்பல்களின் படங்களை அருகருகே வைத்துப் பார்த்தாராம். ஒன்றில் அறை 300 சதுர அடி, இன்னொன்றில் 500 சொச்சம். கட்டணம் ஏறக்குறைய ஒன்றுதான். பெரியதை எடுத்துவிட்டார். வருகிறவர்களில் பாதிப்பேர் இதையேதான் செய்கிறார்கள். "சார், எத்தனை சதுர அடி?" என்பதுதான் முதல் கேள்வி. வீடு வாங்கும்போது கார்பெட் ஏரியா எவ்வளவு, சூப்பர் பில்ட்-அப் எவ்வளவு என்று பில்டரைத் துளைத்து எடுக்கிறோமே, அந்தக் கேள்வியைக் கப்பலில் மட்டும் ஏன் விட்டுவிடுகிறோம்? விளம்பரத்தில் போடும் அளவில் பல சமயம் பால்கனியும் சேர்ந்தே வரும். எக்ஸ்ப்ளோரா கம்பெனிக் கப்பல்களின் ஆரம்ப நிலை சூட் 377 சதுர அடி என்றால், அதில் 75 சதுர அடி பால்கனி. ரீஜென்ட் கம்பெனியின் செவன் சீஸ் ஸ்ப்ளெண்டரில் உச்சத்தில் இருக்கும் ரீஜென்ட் சூட் 4,443 சதுர அடி. அதில் சுமார் 1,300 பால்கனி. கம்பெனிகள் இதை மறைப்பதில்லை, எழுதியே வைத்திருக்கின்றன. நாம்தான் வாசிப்பதில்லை.

அளவைச் சரியாகப் பார்த்துவிட்டாலும் விஷயம் முடியவில்லை. கப்பலில் அறையின் பரப்பை விட, அந்த அறை உங்களுக்கு எந்தெந்தக் கதவுகளைத் திறந்துவிடுகிறது என்பதற்குத்தான் விலை. பெரிய கப்பல்களில் கப்பலுக்குள்ளேயே இன்னொரு சிறு கப்பல் மாதிரி தனிப்பகுதி வைத்திருக்கிறார்கள். நார்வீஜியன் கம்பெனியில் அதன் பெயர் ஹேவன், எம்.எஸ்.சி.யில் யாட் கிளப், செலிபிரிட்டியில் ரிட்ரீட். ஹேவனிலும் யாட் கிளப்பிலும் தனி உணவகம், தனி லவுஞ்ச், கூட்டமில்லாத தனி இடம், பட்லர் (உங்களைக் கவனிக்கத் தனிப் பணியாளர்) எல்லாம் உண்டு. எம்.எஸ்.சி.யில் ஆரியா சூட் என்று ஒன்று இருக்கிறது. விசாலமான, நல்ல அறை. ஆனால் யாட் கிளப்புக்குள் போக முடியாது. அதே கம்பெனியின் சில கப்பல்களில் யாட் கிளப்பைச் சேர்ந்த ஜன்னலே இல்லாத உள் அறைகளும் உண்டு. அந்தச் சின்ன அறைக்காரருக்கு எல்லாக் கதவும் திறக்கும். ராயல் கரீபியனின் ஜூனியர் சூட்டும் அப்படித்தான்: பெயரில் சூட் இருக்கும், சூட் லவுஞ்சில் இடம் இருக்காது. க்யூனார்டின் குயின் மேரி 2 கப்பலில் நீங்கள் எந்த உணவகத்தில் சாப்பிடுவீர்கள் என்பதையே அறைதான் முடிவு செய்கிறது. குயின்ஸ் கிரில், பிரின்சஸ் கிரில், பிரிட்டானியா எல்லாம் தனித்தனி.

சில்வர்சீ, சீபோர்ன், ரீஜென்ட் போன்ற கம்பெனிகளின் சிறிய சொகுசுக் கப்பல்களில் கணக்கே வேறு. அங்கே எல்லா அறையும் சூட்தான். ஆகக் குறைந்த விலை கொடுத்தவரும் உச்ச விலை கொடுத்தவரும் ஒரே உணவகங்களில்தான் சாப்பிடுகிறார்கள். சில்வர்சீயில் எந்த சூட் எடுத்தாலும் பட்லர் உண்டு. ரீஜென்டில் பென்ட்ஹவுஸ் என்ற சூட் பிரிவிலிருந்து மேலேதான். அதனால் வயதான தம்பதி இருவர் மட்டும் போகிறார்கள் என்றால், பெரிய கப்பலின் பெரிய சூட்டை விடச் சிறிய கப்பலின் சாதாரண சூட்டையே நான் சிபாரிசு செய்வேன். பேரப்பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அப்படியே தலைகீழ். சிறிய கப்பலில் குழந்தைகளுக்குப் பொழுது போகாது. ஹேவன் மாதிரி இடத்தில் தாத்தா பாட்டி அமைதியாக உட்காரலாம், பிள்ளைகள் வெளியே போய் சறுக்கு விளையாடலாம்.

கூட்டத்தை முன்கூட்டியே அளந்துவிடவும் ஒரு வழி இருக்கிறது. கப்பலின் கிராஸ் டன்னேஜை பயணிகள் எண்ணிக்கையால் வகுங்கள். டன்னேஜ் என்றால் எடை என்று நினைக்காதீர்கள். அது கப்பலின் உள்ளே இருக்கும் கொள்ளளவைக் குறிக்கிற எண். ராயல் கரீபியனின் ஐகான் ஆஃப் தி சீஸ் சுமார் 2,48,600 டன்னேஜ். அறைக்கு இருவர் வீதம் 5,610 பேர். ஆளுக்கு 44 வருகிறது. ரீஜென்டின் செவன் சீஸ் எக்ஸ்ப்ளோரர் சுமார் 55,000 டன்னேஜ், 750 பேர். ஆளுக்கு 73. எண் பெரிதாக இருந்தால் கூட்டம் குறைவு. நீங்கள் கதவைத் திறந்து வெளியே வந்ததும், லிஃப்டிலும் காலை உணவிலும் துறைமுகத்தில் இறங்கும் வரிசையிலும் அந்த வித்தியாசம் தெரியும். சூட்டுக்குள்ளேயே ஏழு நாளும் இருக்கப் போவதில்லை அல்லவா?

அடுத்தது பணம். திருச்சி தம்பதிக்குக் கப்பலை விட்டு இறங்கும்போது வந்த பில் ஒன்றே முக்கால் லட்சம். டிப்ஸ், வைஃபை, ஊர் சுற்றிப் பார்த்தது, இரண்டு வேளை ஸ்பெஷாலிட்டி (தனிக் கட்டண) உணவகம். இதையெல்லாம் முதலிலேயே கூட்டியிருந்தால், அறை சின்னது என்று மகன் ஒதுக்கிய கப்பலே கைக்கு அடக்கமாக வந்திருக்கும். ஆனால் "எல்லாம் உட்பட" என்ற சொல்லைக் கண்டும் மயங்க வேண்டாம். ரீஜென்டில் கரைச் சுற்றுலாவும் கட்டணத்தில் அடக்கம். சீபோர்னில் மதுவும் டிப்ஸும் அடக்கம், கரைச் சுற்றுலாவுக்குத் தனியாகக் கட்ட வேண்டும். இரண்டையும் விலையை மட்டும் வைத்து ஒப்பிட்டால் தப்பான விடைதான் வரும். இன்னொன்று, நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் மது தொடுவதில்லை, மீன் முட்டைக்கும் போவதில்லை. ஷாம்பெயினும் கேவியரும் கட்டணத்தில் சேர்ந்திருப்பது அவர்களுக்கு லாபம் இல்லை, செலவு. சைவச் சாப்பாட்டைக் கிளம்புவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்னாலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கப்பல் ஏறிய பிறகு கேட்டால் நாலாம் நாளிலிருந்து ஒரே பாஸ்தாதான்.

எந்தப் பயணத்துக்கு சூட் என்பதையும் யோசியுங்கள். கிரேக்கத் தீவுகளில் தினமும் ஒரு துறைமுகம். காலையில் இறங்கினால் மாலையில்தான் ஏறுவீர்கள். அறையில் தூங்குவது மட்டும்தான். அங்கே பெரிய சூட்டுக்குப் பணம் கொட்டாதீர்கள் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன். சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க்குக்கு ஏழு இரவு அட்லாண்டிக்கைக் கடக்கிறீர்கள், இல்லை அலாஸ்காவில் பனிப்பாறைகளுக்கு நடுவே போகிறீர்கள் என்றால் தாராளமாக எடுங்கள். ஒவ்வொரு ரூபாய்க்கும் பலன் இருக்கும். பயணத்திட்டத்தில் வெனிஸ் என்று போட்டிருந்தால், கப்பல் நிற்பது எங்கே என்று பாருங்கள். 25,000 டன்னேஜுக்கு மேற்பட்ட கப்பல்கள் 2021 ஆகஸ்ட் 1 முதல் வெனிஸ் நகரை ஒட்டிய ஜுதெக்கா கால்வாயில் போகக் கூடாது. சொகுசுக் கப்பல்களிலும் பல இந்த அளவைத் தாண்டியவை. பால்கனியிலிருந்து சான் மார்க்கோ சதுக்கத்தைப் பார்க்கும் பழைய புகைப்படத்தை நம்பிப் பணம் கட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சில கப்பல்கள் ரவென்னா என்ற வேறு ஊரில் நிறுத்துகின்றன. அங்கிருந்து வெனிஸுக்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் பேருந்துப் பயணம்.

அறை எண் கைக்கு வராமல் பணம் கட்டாதீர்கள். "கேரண்டி" என்று போட்டு விலை குறைத்துக் கொடுத்தால், பிரிவு மட்டும்தான் உறுதி. கடைசியில் மிஞ்சிய அறையை உங்கள் தலையில் கட்டுவார்கள். டெக் பிளானை (கப்பலின் தளவாரி வரைபடத்தை) திறந்து உங்கள் அறைக்கு மேலே என்ன, கீழே என்ன என்று பாருங்கள். மேலேயும் கீழேயும் அறைகளே இருந்தால் நிம்மதி. மேலே குளமோ பஃபேயோ, கீழே அரங்கமோ இருந்தால் வேண்டாம். கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள் உச்ச டெக்கின் முன்பக்க சூட்டை எடுக்கவே கூடாது, எவ்வளவு அழகாக இருந்தாலும். நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில்தான் ஆட்டம் குறைவு.

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவை ஒரு முறை நுழைவுக்கு மட்டும் வாங்காதீர்கள். பார்சிலோனாவில் ஏறி, நடுவில் ஷெங்கனில் சேராத துருக்கியைத் தொட்டுவிட்டு மறுபடி கிரீஸுக்குள் வருகிற பயணம் என்றால் பல முறை நுழைவு விசா வேண்டும். மருத்துவ வெளியேற்றம் (நோயாளியைக் கப்பலிலிருந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவு) அடங்கிய காப்பீடு இல்லாமல் எழுபது வயதுக்காரரைக் கப்பலில் ஏற்றாதீர்கள், தயவுசெய்து.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அப்பா அம்மாவுக்கு இணையத்தில் பதிவு செய்வதில் தவறே இல்லை. என்னிடம்தான் வாங்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. முன்பணம் கட்டியதோடு விட்டுவிடாமல், மீதிப் பணத்துக்கான கடைசித் தேதி எது என்று குறித்து வையுங்கள். சில கப்பல்களில் அது கிளம்புவதற்கு மூன்று நான்கு மாதம் முன்னாலேயே வந்துவிடும். அதுவரை அறையை மாற்றலாம், பெரும்பாலும் பெரிய நஷ்டமில்லாமல் ரத்தும் செய்யலாம். அந்தத் தேதிக்கு முன்னால் டெக் பிளானோடு யாராவது விஷயம் தெரிந்தவரிடம் பத்து நிமிடம் உட்காருங்கள். திருச்சி அம்மா விசாவுக்காக என்னிடம் முதலில் வந்தபோது அந்தத் தேதிக்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது. அறை எண்ணை நான் கேட்கவில்லை. இப்போது விசாவுக்கு மட்டும் வருகிறவர்களிடமும் முதலில் அதைத்தான் கேட்கிறேன்.