வாங்கப் பணம் உண்டு, ஓட்டப் பணம் எங்கே?

மலேசிய அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில், அது கோலாலம்பூரில் இருந்தாலும் பினாங்கில் இருந்தாலும், புதிய கணினி அமைப்பு கேட்டு எழுதும் கோரிக்கை கடைசியில் போய் நிற்பது ஐ.சி.டி. (தகவல் தொடர்புத் தொழில்நுட்ப) வழிநடத்தும் குழுவிடம். வளாகத்தில் அதன் மலாய்ச் சுருக்கமான ஜே.பி.ஐ.சி.டி. என்றால்தான் புரியும். கணினி மையம் தொழில்நுட்பக் கருத்தைச் சொல்லும். பெண்டஹாரி, அதாவது பல்கலைக்கழக நிதி அதிகாரி, கணக்கைப் பார்ப்பார். முடிவு உயர் நிர்வாகத்தின் கையில். விடுதிப் பதிவு முந்துமா, ஆய்வுக்கூடச் சேமிப்பகம் முந்துமா என்று தீர்ப்புச் சொல்லும் பாரத்தைக் கணினி மையத்தின் தலையில் ஏற்றக்கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

சிக்கல் பணம் வரும் வழியில் இருக்கிறது. பெரிய சர்வர்களை வாங்கப் பெரும்பாலும் மேம்பாட்டு ஒதுக்கீடு கைகொடுக்கும். பராமரிப்போ ஆண்டுதோறும் நிர்வாகச் செலவிலிருந்து போக வேண்டும். முதல் பணம் வந்துவிட்டது என்பதற்காக இரண்டாவது தானாகக் கூடிவிடாது. 4 லட்சம் ரிங்கிட்டுக்கு ஓர் அமைப்பு வாங்குவதாக வைத்துக்கொள்வோம். முதலாண்டு உத்தரவாதம், பிறகு ஆண்டுக்கு 18 விழுக்காடு பராமரிப்பு. நான்கு ஆண்டுகளுக்கு 2,88,000. ஆக, ஐந்தாண்டு விலை 6,88,000 ரிங்கிட். குழுவின் மேசைக்கு வரவேண்டிய எண் இதுதான். வருவது பெரும்பாலும் 4 லட்சம்.

உரிமக் கட்டணம் டாலரில் இருந்தால் இன்னும் மோசம். 50,000 டாலர் உரிமத்துக்கு, டாலர் 3.80 ரிங்கிட்டாகக் கட்டப்பட்டிருந்த காலக் கணக்கில் 1,90,000 போதும். 2024 பிப்ரவரியில் டாலர் 4.80-ஐ நெருங்கியபோது அதே உரிமம் 2,40,000. இலவசம் என்பதும் நிரந்தரமில்லை. கூகள் கல்வி நிறுவனங்களுக்குத் தந்துவந்த வரம்பற்ற சேமிப்பை நிறுத்துவதாக 2021-இல் அறிவித்தது. அதற்குப் பிறகு அடிப்படை அளவு நிறுவனம் முழுமைக்கும் 100 டெராபைட். 20,000 பேர் பகிர்ந்தால் தலைக்கு 5 ஜிகாபைட். காணொளி விரிவுரைகளைக் குவித்து வைத்திருந்த துறைகளுக்கு அது எந்த மூலைக்கு?

எனவே வரிசைப்படுத்தும் முன் கோரிக்கைகளை இரண்டாகப் பிரிப்பது நல்லது. பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுபோன மென்பொருள், காலாவதியாகும் உரிமம், ஆயுள் முடிந்த நெட்வொர்க் சுவிட்ச் ஆகியவை போட்டிக்கே வரக்கூடாது. அவற்றுக்குப் பணத்தை முதலில் ஒதுக்கிவிட வேண்டும். மிச்சத்துக்குத்தான் மதிப்பெண்: கற்பித்தலுக்கும் ஆய்வுக்கும் பயன் 40, ஐந்தாண்டுச் செலவு 30, கேட்கும் துறையின் ஆயத்தம் 30 என்பது ஒரு பிரிப்பு.

மதிப்பெண் தாள் கெட்டுப்போவது எளிது. கேட்கிற துறையே நிரப்பினால் எல்லாமே முழு மதிப்பெண். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. வேறொரு துறையிடம் கொடுத்து நிரப்பச் சொல்லுங்கள். பொறுப்பாளர் பெயரில்லாத கோரிக்கையைத் திருப்பி அனுப்புங்கள். நடைமுறை விதிகளை யார் முடிவு செய்வது என்று தெரியாத அமைப்பு, சோதனைக் கட்டத்திலேயே மாதக்கணக்கில் கிடக்கும்.

குழுவைச் சுற்றிப் போகிறவர்களும் உண்டு. டெண்டரைத் தவிர்க்கக் கொள்முதலைத் துண்டு போடுவதை மலேசிய நிதி விதிகள் தடை செய்கின்றன. ஆனால் மூன்று துறைகள் ஆளுக்கொரு ஆய்வு மானியத்தில் ஒரே மென்பொருளைத் தனித்தனியாக வாங்குவதை எந்த விதியும் கண்டுபிடிக்காது. ஆண்டுக்கொரு முறை உரிமப் பட்டியலை அலசினால்தான் தெரியவரும்.

புதிய அமைப்புக்கு ஒப்புதல் தரும்போதே பழைய அமைப்பு அணையும் தேதியையும் கேட்டு வாங்க வேண்டும். பழைய மாணவர்களின் தேர்வுப் பதிவுகள் பழைய அமைப்பில் இருப்பதால் யாரும் துணிந்து நிறுத்துவதில்லை; இரண்டுக்கும் பராமரிப்புக் கட்டணம் போய்க்கொண்டே இருக்கும். அந்தப் பதிவுகளைப் படிக்க மட்டும் முடிகிற கோப்புகளாக மாற்றி, சில பட்டியல்களைப் பழையதோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த பின் சர்வரை அணைத்துவிடலாம். அந்த மாற்றும் வேலைக்கான செலவும் புதிய அமைப்பின் கோரிக்கையிலேயே இருக்கட்டும்.