பிந்தி எடுத்த ரத்தம்

நியூயார்க்கை ஒட்டி அட்லாண்டிக் கடலுக்குள் நீண்டு கிடக்கும் தீவு லாங் ஐலண்ட். நம் பகுதியில் மட்டும் ஏன் இத்தனை பேருக்கு மார்பகப் புற்றுநோய் என்று 1990களின் தொடக்கத்தில் அங்குள்ள பெண்கள் கேட்கத் தொடங்கினார்கள். வெஸ்ட் இஸ்லிப் என்ற ஊரில் அவர்களே கணக்கெடுத்து, நோய் வந்த வீடுகளை வரைபடத்தில் குறித்தார்கள். சந்தேகத்துக்குக் காரணமும் இருந்தது. தீவில் முன்பு உருளைக்கிழங்கு வயல்கள் நிறைய. 1957இல் ஜிப்சி அந்துப்பூச்சியை ஒழிக்க விமானத்திலிருந்து டிடிடி என்ற பூச்சிமருந்தைத் தெளித்திருந்தார்கள். குடிப்பதோ நிலத்தடி நீர். பெண்கள் விடாமல் போராடியதில், 1993இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டமே போட்டு ஆய்வுக்கு உத்தரவிட்டது.

வரைபடத்தில் புள்ளிகள் குவிந்திருப்பதே சாட்சி ஆகாதா? ஆகாது. வீடுகள் நெருங்கிய இடத்தில் எந்த நோயின் புள்ளியும் நெருங்கித்தான் விழும். தவிர, முதல் பிள்ளையைத் தாமதமாகப் பெற்றவர்களுக்கும் பிள்ளை பெறாதவர்களுக்கும் இந்த நோய் வரும் வாய்ப்பு சற்று அதிகம். படித்து வேலைக்குப் போகும் பெண்கள் நிறைந்த வசதியான புறநகரில் அப்படிப்பட்டவர்களும் அதிகம். தண்ணீரைக் குற்றம் சொல்லுமுன் இதையெல்லாம் கழித்தாக வேண்டும்.

அதற்கு ஒப்பிட ஆட்கள் தேவை. ஆய்வாளர் மாரிலி கேமன் தலைமையிலான குழு, 1996 ஆகஸ்ட் முதல் 1997 ஜூலை வரை புதிதாக நோய் கண்டறியப்பட்ட 1,508 பெண்களை ஒரு பக்கம் வைத்தது. அதே தீவின் நாசாவ், சஃபோக் மாவட்டங்களில் நோயில்லாத 1,556 பெண்களை மறுபக்கம். நோயில்லாதவர்களில் 65 வயதுக்குக் கீழே இருந்தவர்களைக் குத்துமதிப்பாகத் தொலைபேசி எண்களைச் சுழற்றியே கண்டுபிடித்தார்கள். தெரிந்தவர்களையே சேர்த்தால் கணக்கு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். வீட்டுக்கே போய்க் கேள்வி கேட்டார்கள். ரத்தமும் சிறுநீரும் வாங்கினார்கள். வெகுகாலமாக ஒரே வீட்டில் இருந்தவர்களிடம் தரைவிரிப்புத் தூசி, குழாய்த் தண்ணீர், தோட்டத்து மண் வரை அள்ளி வந்தார்கள். புற்றுநோய் வந்தவர் எந்தக் காலத்தில் என்ன மருந்து அடித்தோம் என்று யோசித்து யோசித்துச் சொல்வார். வராதவர் அதை மறந்தே போயிருப்பார். ரத்தத்துக்கு அந்த ஓரவஞ்சனை கிடையாது.

டிடிடி உடலுக்குள் டிடிஈயாக மாறிக் கொழுப்பில் ஆண்டுக்கணக்கில் தங்கும் என்பதால் அதை ரத்தத்தில் அளக்க முடிந்தது. 2002 ஆகஸ்டில் முடிவு வந்தது: டிடிஈ, பிசிபி என்ற தொழிற்சாலை ரசாயனம், குளோர்டேன், டீல்ட்ரின் என்ற பூச்சிமருந்துகள், எதற்கும் நோயோடு தொடர்பு தெரியவில்லை. வண்டிப் புகையிலும் சிகரெட்டிலும் கருகச் சுட்ட இறைச்சியிலும் இருக்கும் பிஏஎச் என்ற சேர்மங்கள் டிஎன்ஏவில் ஒட்டிக்கொள்ளும். அந்த ஒட்டு இருந்த பெண்களுக்கு மட்டும் நோய் வாய்ப்பு ஏறத்தாழ 50 சதவீதம் கூடுதல். ஆனால் ஒட்டு கூடக் கூட ஆபத்து கூடவில்லை. குற்றவாளி இதுதான் என்று சொல்ல அது போதாது.

பூச்சிமருந்துக்கு விடுதலை கிடைத்துவிட்டதா? அவசரம் வேண்டாம் என்பேன். ரத்தம் எடுத்தது 1990களின் பிற்பாதியில். அமெரிக்கா டிடிடியைத் தடை செய்தது 1972இல். மார்பகத் திசு மளமளவென்று உருவாவது பருவமடையும் வயதில். அப்போது உடம்பில் எவ்வளவு நஞ்சு இருந்தது என்பதை ஐம்பது, அறுபது வயதில் எடுத்த ரத்தம் எப்படிச் சொல்லும்? திருட்டு நடந்து முப்பது வருடம் கழித்துப் போய்க் கைரேகை தேடுவது போலத்தான்.

பழைய ரத்தம் கலிபோர்னியாவில், ஓக்லாந்தில் இருந்தது. 1959 முதல் 1967 வரை பிரசவத்துக்கு வந்த பெண்களிடம் எடுத்து உறைய வைத்தது. ஆய்வாளர் பார்பரா கோன் குழு அதை அளந்து 2007இல் முடிவை வெளியிட்டது. டிடிடி பொதுப் புழக்கத்துக்கு வந்த 1945இல் 14 வயதுக்குக் குறைவாக இருந்தவர்களில், ரத்தத்தில் டிடிடி மிகுந்திருந்தவர்களுக்கு 50 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஐந்து மடங்கு. நோயாளிகள் 129 பேர்தான் என்பதால் அந்த ‘ஐந்து’ சற்று முன்பின்னாக இருக்கலாம். அதைவிட வயதுதான் முக்கியம்: 1945இல் 14ஐத் தாண்டியிருந்தவர்களிடம் இந்தத் தொடர்பு தென்படவே இல்லை. 2015இல் அதே குழு மகள்களையும் கணக்கில் எடுத்தது. கர்ப்பகாலத்தில் தாயின் ரத்தத்தில் ஒருவகை டிடிடி மிகுந்திருந்தால், மகளுக்கு 52 வயதுக்குள் நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு.