செக்ஸிசம்: பாகுபாடா, ஓரவஞ்சனையா?

கும்பகோணத்தில் ஒரு சதுரங்கப் போட்டியை முடித்துவிட்டு மன்னார்குடிக்குப் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தோம். ஜன்னலோரம் அக்கா மகள், மடியில் சுருட்டிவைத்த கட்டம் போட்ட விரிப்பு. வலங்கைமான் தாண்டியதும் கேட்டாள்: "சித்தி, செக்ஸிசம்னா தமிழ்ல என்ன?"

கேள்விக்குக் காரணம் இருந்தது. அன்று ஐந்தாவது சுற்றில் அவளிடம் தோற்ற பையனை அவன் அப்பா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "பொட்டப் புள்ளகிட்டயாடா தோத்துட்டு வர்ற?" பையன் அழுதுவிட்டான். ஜெயித்தவள் ஏதோ தப்புச் செய்தவளைப் போல ஓரமாகப் போய் நின்றாள். பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் சமாதானம் சொன்னார்: "பொண்ணா இருந்தாலும் நல்லாவே ஆடுது சார்." எனக்கு முதல் பேச்சைவிட இரண்டாவதுதான் அதிகம் உறுத்தியது. முதலாவது கோபத்தில் வந்தது. இதைப் பாராட்டு என்று நினைத்தே அவர் சொன்னார்.

"பாலினப் பாகுபாடு" என்று அவளுக்குப் பதில் சொன்னேன். செய்தித்தாளில் அப்படித்தான் எழுதுகிறார்கள். அவள் விடவில்லை. "அப்ப பொண்ணுங்களுக்குன்னு தனியாப் போட்டி வைக்கிறாங்களே, அதுவும் பாகுபாடுதானே? அதுவும் செக்ஸிசமா?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அதற்குப் பிறகு தேடியதும் யோசித்ததும்தான் இங்கே இருப்பது.

ஆங்கிலத்திலேயே இந்தச் சொல்லுக்கு வயது அதிகமில்லை. 1965 நவம்பரில் அமெரிக்காவின் ஃபிராங்க்ளின் அண்ட் மார்ஷல் கல்லூரியில் பேசிய பாலீன் லீட், நிறவெறியைக் குறிக்கும் 'ரேசிசம்' என்ற சொல்லை அச்சாக வைத்து 'செக்ஸிசம்' என்று சொன்னார். நிறத்தைப் பார்த்து ஒருவரின் தகுதியை முடிவு செய்வது எப்படியோ, ஆணா பெண்ணா என்று பார்த்து முடிவு செய்வதும் அப்படியே என்பதுதான் அவர் வாதம். 1968இல் எழுத்தாளர் கரோலின் பேர்ட் வழியாக அச்சிலும் வந்து பரவியது. அடிச்சொல்லான 'செக்ஸுஸ்' லத்தீன். அதை 'வெட்டு, பிரி' என்று பொருள்படும் 'செகாரே' என்ற வினையோடு தொடர்புபடுத்துவார்கள்.

தமிழில் 'பால்' என்ற சொல்லும் அதே வழியில் வந்திருக்கிறது. 'பகு' என்றால் பிரி. பகுதி, பங்கு, பாகுபாடு, பால் எல்லாம் அந்தக் குடும்பம். அறத்துப்பால் என்னும்போது பால் என்றால் பிரிவு. ஆண்பால், பெண்பால், பலர்பால், ஒன்றன்பால், பலவின்பால் என்று இலக்கணம் ஐந்தாகச் சொல்வதும் பிரிவைத்தான். 'பாலினம்' இந்தக் காலத்துச் சொல். 'பாலியல்' வேறு, அது உடலுறவு சார்ந்த துறைக்கும் குற்றங்களுக்கும் நிலைத்துவிட்டது. ஆகவே 'பாலியல் பாகுபாடு' என்று எழுதுவது குழப்பத்தில்தான் முடியும்.

சிக்கல் 'பாகுபாடு' என்ற சொல்லில் இருக்கிறது. இலக்கணப் பாகுபாடு, நிலப் பாகுபாடு என்றெல்லாம் எழுதும்போது அதில் எந்தக் குற்றமும் தொனிப்பதில்லை. வகை பிரித்தல், அவ்வளவுதான். அநீதி என்ற பொருள் பின்னாளில் ஏறியது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பில் வெண்ணாறு மூன்றாகப் பிரிகிறது: வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு. பிரித்தால்தான் மூன்று பக்கமும் விளையும். யாருக்கும் அது அநியாயமாகத் தெரியாது. ஒரு பக்கம் மட்டும் கதவைக் கூடுதலாகத் தூக்கி, இன்னொரு பக்கத்துக் கடைமடையைக் காயவிட்டால்தான் அநியாயம். பிரிப்பது ஒன்று, பிரித்ததில் ஓரம் பார்ப்பது இன்னொன்று.

பூம்புகார் வணிகர்களைப் பட்டினப்பாலை 'நெடுநுகத்துப் பகல்போல நடுவுநின்ற நன்னெஞ்சினோர்' என்று பாராட்டுகிறது. பகல் என்பது இங்கே நுகத்தடியின் நட்டநடுவில் இருக்கும் ஆணி. அதுவும் 'பகு'வில் பிறந்த சொல்தான். நுகத்தை இரண்டாகப் பிரிக்கிறது, ஆனால் இரு மாட்டுக்கும் பாரம் ஒன்று. பிரிவும் நடுநிலையும் ஒரே சொல்லுக்குள் இருந்த காலம் அது.

சரி, சதுரங்கத்துக்கு வருகிறேன். உலக அளவில் பெண்களுக்குத் தனிப் போட்டி 1927இலிருந்து இருக்கிறது. லண்டனில் நடந்த முதல் போட்டியை வென்ற வேரா மென்சிக், 1944இல் குண்டுவீச்சில் இறக்கும்வரை பட்டத்தை இழக்கவே இல்லை. ஆண்களுக்கு என்று அடைத்துவைத்த பிரிவு இப்போது கிடையாது. மற்றது 'ஓபன்', அதாவது எல்லோருக்கும் பொது. சதுரங்கத்தின் மிக உயர்ந்த பட்டமான கிராண்ட்மாஸ்டரும் பொதுதான், அதற்கு 2500 தரப்புள்ளி (ஆட்டத் திறனை அளக்கும் எண்) வேண்டும். பெண்களுக்கு மட்டுமான கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கு 2300 போதும். இந்தக் குறைந்த படி பெண்களை ஊக்குவிக்கிறதா, 'உன்னால் இவ்வளவுதான்' என்று சொல்கிறதா என்பது நெடுநாள் சண்டை. ஹங்கேரியின் ஜூடித் போல்கார் பெண்கள் உலகப் பட்டத்துக்குப் போட்டியிடவே இல்லை. 1991இல் 15 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனார், பின்னாளில் உலகத் தரவரிசையில் எட்டாம் இடம்வரை போனார்.

என் கருத்து இது: தனிப் போட்டி பாகுபாடு, ஆனால் அது அநீதியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மன்னார்குடியிலிருந்து ஒரு பெண் குழந்தையைக் கும்பகோணம் கூட்டிப்போக வீட்டில் ஒரு காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. 'பெண்கள் பிரிவில் பரிசு உண்டு' என்பது நல்ல காரணம். அது வேண்டாத ஒரு காலம் வரலாம். இப்போது எங்கள் வீட்டுக்கு அது வேண்டும்.

1987இல் நடந்தது வேறு வகை. அந்த ஆண்டு ஜனவரித் தரப்பட்டியலில் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு எல்லாப் பெண்களுக்கும் 100 புள்ளி கூட்டிக் கொடுத்தது, ஒருவரைத் தவிர. அவர் ஜூடித்தின் அக்கா சூசன் போல்கார். அவர் பெரும்பாலும் ஆண்களோடு ஆடியே புள்ளி சேர்த்தவர், ஆகவே அவருக்குத் தேவையில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். ஆண்களோடு ஆடிய துணிச்சலுக்கே அபராதம். இதைப் 'பாகுபாடு' என்று மட்டும் சொன்னால் போதுமா? அதற்குப் பதினோரு ஆண்டு முன்பு, 1976இல், நம் நாட்டிலேயே ரோகிணி காடில்கர் ஆண்களின் தேசியப் போட்டியில் ஆடியபோது பெரிய எதிர்ப்பு எழுந்து விவகாரம் உயர் நீதிமன்றம்வரை போனது. பெண்களைத் தடுக்கக்கூடாது என்று அப்போது தீர்ப்புச் சொன்ன கூட்டமைப்புத் தலைவர் மாக்ஸ் யூவே. அவர் முன்னாள் உலகச் சாம்பியன். வேரா மென்சிக்கிடம் தோற்றவர்களை 'மென்சிக் கிளப்' என்று அக்காலத்தில் கேலியாகச் சேர்த்துவைத்தார்கள், அதில் யூவேவும் உண்டு. தோற்றதை அவமானமாக எடுத்துக்கொள்ளாத ஒரு மனிதர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பையனின் அப்பாவுக்கு இதைச் சொல்லியிருக்கலாம்.

சில நேரம் செயலே இருக்காது, எண்ணம் மட்டும் இருக்கும். 2015இல் இங்கிலாந்து கிராண்ட்மாஸ்டர் நைஜல் ஷார்ட், ஆண் மூளையும் பெண் மூளையும் பிறவியிலேயே வேறு, சதுரங்கத்தில் அது தெரிகிறது என்ற பொருளில் எழுதினார். ஜூடித்தோடு அவர் ஆடிய நெடுநேர ஆட்டங்களின் கணக்கு: ஜூடித் 8 வெற்றி, ஷார்ட் 3, சமன் 5. அந்த எண்ணம் எதிரே உட்கார்ந்திருப்பவளை என்ன செய்யும் என்று 2008இல் இத்தாலிய ஆய்வாளர்கள் இணையவழி ஆட்டத்தில் சோதித்தார்கள். எதிராளி ஆண் என்று தெரிந்தபோது பெண்களின் ஆட்டம் சரிந்தது. அதே எதிராளியைப் பெண் என்று நம்பவைத்தபோது சமமாக ஆடினார்கள். 2024 ஜனவரியில், நெதர்லாந்தில் ஒரு பெரிய போட்டியில் ஆடி முடித்த இந்திய வீராங்கனை திவ்யா தேஷ்முக், பார்வையாளர்கள் தன் ஆட்டத்தை விட்டுவிட்டு உடையையும் முடியையும் உச்சரிப்பையும் பேசுகிறார்கள் என்று வெளிப்படையாக எழுதினார். அப்போது அவருக்கு 18 வயது. அடுத்த ஆண்டே மகளிர் உலகக் கோப்பையை வென்று கிராண்ட்மாஸ்டர் ஆனார்.

இவற்றுக்கெல்லாம் பொருந்தும் சொல் எது? 'ஆணாதிக்கம்' அமைப்பைச் சொல்கிறது, ஒரு பேச்சை அல்ல. 'பெண் வெறுப்பு' பொருந்தவே இல்லை, அந்தப் பெரியவரிடம் துளி வெறுப்புக் கிடையாது. நம் வீட்டுச் சொல் ஒன்று இருக்கிறது: ஓரவஞ்சனை. குழம்பில் நடுத்துண்டு மீன் அண்ணனுக்கும் வால் தனக்கும் விழும்போது தங்கச்சி சொல்லும் சொல். கொடுப்பவர் அன்பாகவே இருப்பார், தான் செய்வது அவருக்கே தெரியாது, ஆனாலும் அநியாயம் அநியாயம்தான். இதில் 'ஓரம்' என்பது விளிம்பு. நடுவை விட்டு ஒரு பக்கம் சாய்வது என்று விரிந்தது. நல்வழியில் 'மன்றோரம் சொன்னார் மனை' என்று வருகிறது: வழக்கில் ஒருபக்கம் சாய்ந்து பேசியவரின் வீடு பாழாகும் என்ற பாட்டு. 'வஞ்சனை' வடமொழி, அது வேண்டாம் என்பவர்கள் 'பாலோரம்' என்று எழுதலாம். எனக்குப் 'பாலின ஓரவஞ்சனை'தான் பிடிக்கிறது, கேட்டதும் யாருக்கும் புரியும் என்பதால். வெறும் 'பால்' போட்டால் குடிக்கிற பாலாகிவிடும். சட்டத்திலும் அறிக்கையிலும் 'பாலினப் பாகுபாடு' இருந்துவிட்டுப் போகட்டும்.

கூடவே ஒரு திருத்தம். சென்னை சதுரங்க வீராங்கனை வைஷாலி 2018இல் பெற்றது பெண்களுக்கான பட்டம், 2023 டிசம்பரில் 2500 புள்ளியைத் தாண்டி எட்டியது முழு கிராண்ட்மாஸ்டர் பட்டம். இரண்டுக்கும் 'பெண் கிராண்ட்மாஸ்டர்' என்றே எழுதினால் பெரிய பட்டம் சின்னதாகிவிடுகிறது. முதலாவதை 'மகளிர் கிராண்ட்மாஸ்டர்' என்றும் இரண்டாவதை எந்த ஒட்டும் இல்லாமல் 'கிராண்ட்மாஸ்டர்' என்றும் எழுதுங்கள்.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்று புறப்பட்ட பேருந்து திருப்பூவனூரைத் தாண்டியது. அப்பர் பாடிய ஊர். சுவாமி பெயரே சதுரங்க வல்லபநாதர். சதுரங்கத்தில் யாராலும் வெல்ல முடியாத இளவரசி ராஜராஜேஸ்வரியை, சிவன் கிழவர் வேடத்தில் வந்து ஆடி வென்று மணந்தார் என்பது தலபுராணம். 2022 சென்னை ஒலிம்பியாட் தொடக்க விழாவில் பிரதமரும் இந்தக் கோயிலைக் குறிப்பிட்டார். பந்தயப் பொருளாக அவளையே வைத்தது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்தக் கதையில் ஒருவர்கூட 'பெண்ணாக இருந்தும் ஆடுகிறாளே' என்று ஆச்சரியப்படவில்லை. அவளை வெல்லக் கடவுளே வர வேண்டியிருந்தது.

அக்கா மகளுக்கு இதைச் சொன்னேன். அப்புறம் பள்ளியில் படித்த உம்மைகளையும் ஞாபகப்படுத்தினேன். 'பெண்ணிடமும் தோற்றான்' என்றால் அந்த 'உம்' இழிவு சிறப்பும்மை. 'பொண்ணா இருந்தாலும்' என்பதில் உள்ள 'உம்'முக்கும் அதே வேலைதான். ஓரவஞ்சனை முழுவதும் அந்த ஓர் 'உம்'மில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

அவள் கைபேசியை எடுத்துப் பெரியவரின் வாக்கியத்தைத் தட்டினாள். 'பொண்ணா இருந்தாலும்' என்பதை அழித்தாள். மிச்சத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 'நல்லாவே'யில் இருந்த ஏகாரத்தையும் எடுத்தாள். 'நல்லா ஆடுது சார்.'

மன்னார்குடி வந்துவிட்டது.