48 நாள் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்

நான் பிசியோதெரபிஸ்ட். போன வாரம் தண்டையார்பேட்டையில் ஒரு வீட்டுக்குப் போனேன். டிரெய்லர் லாரி டிரைவர், ஐம்பது வயதுகூட ஆகவில்லை. வலது பக்கம் வாதம் அடித்து மூன்றரை மாதம். வலது கை இறுக மூடிக் கிடந்தது. ஒவ்வொரு விரலாகப் பிரிக்கவே பத்து நிமிஷம் ஆயிற்று. உள்ளே நகம் பதிந்த புண், வியர்வை ஊறிய நாற்றம். தோள்மூட்டு கிண்ணத்திலிருந்து இறங்கி, அந்தப் பள்ளத்தில் என் இரண்டு விரல் உட்கார்ந்தது. கெண்டைக்காலில் செங்கல் ஒத்தடம் வைத்து வெந்துபோன தழும்பு வேறு. உணர்ச்சி குறைந்த காலில் சூடு வைத்தால் அவருக்கு எப்படித் தெரியும்?

இதில் முக்கால்வாசி, வாதம் செய்த வேலை இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு, பாசத்தோடு, கூட இருந்தவர்கள் செய்தது.

"ஒரு மண்டலம் கட்டுப்போட்டு எண்ணெய் தேய்ச்சோம் மேடம். ஒருநாள் விட்டு ஒருநாள் புறா ரத்தம் பூசினோம். அது முடிஞ்சதும் உங்ககிட்ட வரலாம்னு இருந்தோம், அப்படியே தள்ளிப்போச்சு" என்றார் அவர் மனைவி. டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசி வரியில் 'பிசியோதெரபி' என்று எழுதித்தான் கொடுத்திருந்தார்கள். அந்தத் தாள் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது.

புறாவைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. வடசென்னையில் மொட்டைமாடிக்கு மொட்டைமாடி புறாக்கூண்டு உண்டு, பந்தயப் புறாவைப் பிள்ளை மாதிரி வளர்க்கிறவர்கள் உண்டு. அதே தெருவில் ஒருவருக்குக் கை கால் விழுந்துவிட்டால், அந்தப் புறாவை அறுத்து ரத்தத்தைச் சூடு ஆறுவதற்குள் பூசுகிறார்கள். புறா ரத்தம் சூடு, கை மரத்துப்போய்விட்டது, சூடு ஏறினால் நரம்பு முழித்துக்கொள்ளும், இதுதான் கணக்கு. கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் கெட்டுப்போனது கை இல்லையே! கையும் நன்றாக இருக்கிறது, அதிலுள்ள நரம்பும் நன்றாக இருக்கிறது. மூளையில் ரத்தக்குழாய் அடைத்தோ வெடித்தோ அங்கே ஒரு பகுதி செத்துப்போயிருக்கிறது.

அந்த டிரைவருக்குப் புரியவேண்டும் என்று ஹார்பர் கிரேனை வைத்துச் சொன்னேன். கிரேன் நல்ல கண்டிஷனில் நிற்கிறது, மேலே கேபினில் உட்கார்ந்து ஓட்டுகிற ஆள்தான் இல்லை. கீழே நின்று கிரேனுக்கு கிரீஸ் போட்டுக்கொண்டே இருந்தால் பெட்டி தூக்குமா? பக்கத்து கேபினில் இருக்கிற இன்னொருவர் வந்து இந்த வேலையையும் கற்றுக்கொள்ள வேண்டும். ஓட்டி ஓட்டித்தான் கற்றுக்கொள்வார், ஒரே அசைவை நூறு தடவை, ஆயிரம் தடவை. மூளையில் நடப்பது ஏறக்குறைய இதுதான். அது மும்முரமாகக் கற்றுக்கொள்வது முதல் 3 மாதம், கொஞ்சம் தளர்ந்து 6 மாதம் வரை. அதற்குப் பிறகும் முன்னேற்றம் வரும், வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், ஆனால் இரண்டு மடங்கு உழைக்கவேண்டும். அந்த முதல் 3 மாதத்தில் 48 நாளைக் கட்டுப்போட்டுப் படுக்கவைத்துக் கழித்தால் எனக்கு வயிறு எரியாதா?

(எண்ணெய் மேல் எனக்குக் கோபம் இல்லை. லேசாகத் தேய்த்தால் உடம்புக்கு இதம்தான். ஆனால் அதுதான் வைத்தியம் என்று நினைப்பதால் என்னையும் தெருவில் 'மசாஜ் பண்ற அம்மா' என்கிறார்கள். நாலரை வருஷப் படிப்பு, போகட்டும்.)

அடுத்து அந்த மஞ்சள் பந்து. யார் பார்க்க வந்தாலும் ஒரு ஸ்மைலி பந்தை வாங்கிக் கொடுத்து "அமுக்கிட்டே இரு நைனா" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். வாதம் வந்த கையில் பெரும்பாலும் விரல் மடங்குவது தானாக வந்துவிடும், விரிவதுதான் வராது. மூடுகிற கையை இன்னும் மூடவா பழக்குவது? நான் கேரம் காயைத்தான் எடுப்பேன். நம் பக்கம் எந்த வீட்டில் கேரம் போர்டு இல்லை? காயை எடுத்து பவுடர் டப்பாவில் போடவேண்டும். எடுப்பது பெரிசில்லை, விடுவதுதான் வித்தை.

தோளைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். விழுந்த கையைப் பிடித்து இழுத்து எழுப்பாதீர்கள். அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள். தசை பிடிமானமில்லாத தோள் அது, நாலு தடவை இழுத்தால் இறங்கிவிடும், அப்புறம் ராத்திரியெல்லாம் வலி. இடுப்பில் ஒரு துண்டை மடித்து இறுக்கிக் கட்டுங்கள், பலமில்லாத பக்கம் நின்று அதைப் பிடித்துத் தூக்குங்கள். உட்காரும்போது அந்தக் கைக்கு அடியில் எப்போதும் தலையணை. ஹவுசிங் போர்டு மாடிப்படியா? ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது முடியாத கால் முதலில், கைப்பிடி நல்ல கைப்பக்கம்.

படுக்கவைத்துக் கஞ்சி ஊற்றவே கூடாது. நிமிர்ந்து உட்காரவைத்து, சின்னச் சின்ன ஸ்பூனாக, முடிந்தபிறகும் அரைமணி நேரம் அப்படியே உட்காரவேண்டும். தண்ணீர் குடித்தால் இருமுகிறாரா, குரல் கரகரக்கிறதா? உடனே டாக்டரிடம் சொல்லுங்கள், நுரையீரலுக்குள் போய்க்கொண்டிருக்கலாம்.

பிரஷர் மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மாத்திரை, இதையெல்லாம் "இப்ப நார்மலாத்தானே இருக்கு" என்று நிறுத்துகிறவர்களிடம் என்ன சொல்வது! மாத்திரை போடுவதால்தான் நார்மல். மறுபடி வாய் கோணினாலோ பேச்சு குழறினாலோ, கையைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டு உட்காராமல் 108-க்கு போன் போடுங்கள். அடைப்பைக் கரைக்கிற ஊசி நாலரை மணி நேரத்துக்குள்தான்.

பேச்சு போனவர்களைப் பற்றியும் ஒன்று. ராயபுரத்தில் ஒரு பெரியவருக்கு எல்லா வார்த்தையும் போய் ஒரே ஒரு கெட்டவார்த்தை மட்டும் மிஞ்சியது. காபி வேண்டுமென்றாலும் அதுதான், பேத்தியைக் கொஞ்சினாலும் அதுதான். வீட்டில் வெட்கப்பட்டு, யாராவது வந்தால் அவரை உள்ரூமில் வைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். பைத்தியம் இல்லை அம்மா, மூளையின் இடது பக்கம் அடிபட்டால் யோசித்துச் சொல்கிற வார்த்தைகள் போய்விட்டாலும், தன்னால் வாயில் வருகிற வசவு சிலருக்கு மிஞ்சும். அவருக்கு எல்லாமே புரிந்துகொண்டிருந்தது, கதவைச் சாத்துவது உட்பட. தயவுசெய்து சாத்தாதீர்கள்.

காசு ஒரு பிரச்சினை, தெரியும். ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பிரிவு இருக்கிறது, கே.கே.நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வருவார், உங்கள் ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்கவேண்டும், அவ்வளவுதான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கல்மண்டபத்திலிருந்து ஒரு போன். அம்மாவுக்கு இடது பக்கம் வாதமாம், கட்டுப்போட்டு இன்று 11-ஆம் நாள், இன்னும் 37 நாள் இருக்கிறதே, பிறகு வரட்டுமா என்று கேட்கிறார் மகன். அட்ரஸ் வாங்கிக்கொண்டேன், சாயங்காலம் நானே போகிறேன்.