கேம்பர்வேன் என்னும் மனையூர்தி

கேம்பர்வேன்: படுக்கை, சமையலிடம், மேசை, சாமான் அலமாரி எல்லாம் உள்ளேயே நிலையாகப் பொருத்திய வேன். பின்னிருக்கையைக் கழற்றிவிட்டு மெத்தை போட்ட வேனையும் பலர் இந்தப் பெயரால் அழைக்கிறார்கள், அது சரியில்லை. ஐரோப்பிய ஒன்றிய விதிகள் ஒரு வண்டியை ‘மோட்டார் கேரவன்’ என ஏற்க நான்கைக் கேட்கின்றன: இருக்கையும் மேசையும், படுக்கை (இருக்கையே விரிந்து படுக்கையானாலும் சரி), சமைக்கும் வசதி, பொருள் வைக்கும் இடம். இவை வண்டியோடு இறுகப் பிணைந்திருக்க வேண்டும். மேசையை மட்டும் கழற்றலாம்.

சொல்லின் இரு பாதிகளும் வெவ்வேறு வழியில் வந்தவை. ‘கேம்ப்’ என்பதன் வேர் லத்தீனின் ‘கம்புஸ்’, அதாவது திறந்த வெளி. படைகள் இறங்கித் தங்கிய வெளி என்ற பொருள் பின்னால் சேர்ந்தது. ‘வேன்’ என்பது ‘கேரவன்’ என்பதன் வால்; 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் தலை உதிர்ந்து வால் மட்டும் நின்றது. கேரவனின் வேர் பாரசீகத்தின் ‘கார்வான்’: பாலைவழியே கூட்டமாகப் போகும் வணிகர் திரள். இதற்குப் பழந்தமிழில் சாத்து என்று பெயர். கோவலனின் தந்தை மாசாத்துவான் பெயரில் இருப்பதும் இந்தச் சாத்துதான்.

பொழுதுபோக்குக்கான கேரவன் முதலில் குதிரை இழுத்த வண்டி. 1885-இல் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற மருத்துவர் பிரிஸ்டலில் செய்வித்துக்கொண்ட ‘வாண்டரர்’ அவ்வகையில் புகழ்பெற்றது. வேனுக்குள் வீடு புகுந்த கதைக்கு ஃபோக்ஸ்வேகனின் டைப்-2 வேன்தான் முக்கியம். அது 1950-இல் உற்பத்திக்கு வந்தது. மறு ஆண்டே வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் அதற்குள் தூக்கி வைக்கும் ‘கேம்பிங் பாக்ஸ்’ ஒன்றைச் செய்தது. வார நாளில் சரக்கு வண்டி, விடுமுறையில் வீடு.

இன்று கேரவன் என்றால் பிரிட்டனில் காரின் பின்னால் இழுத்துப் போகும் வீடு. நமக்கோ படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டி. ‘கேம்பர்’ என்றால் நம் ஊர் ஒர்க்‌ஷாப்பில் பொலிரோ கேம்பர் என்ற இரட்டை கேபின் பிக்கப்பைத்தான் நினைப்பார்கள். ஆகவே தனித் தமிழ்ச்சொல் இங்கே உண்மையிலேயே பயன்படும். ‘தங்கு’ என்ற வினையை ‘வேன்’ உடன் சேர்த்தால் ‘தங்குவேன்’ என்று வினைமுற்றாகிவிடுகிறது. முகாமைக் குறிக்கும் ‘பாடி’ பழைய, நல்ல சொல். ஆனால் கரூரிலும் நாமக்கல்லிலும் பாடி கட்டுவது என்றால் வண்டிக்குக் கூடு கட்டுவது. ஜெர்மானியர் ‘வோன்மொபில்’, அதாவது குடியிருக்கும் ஊர்தி என்கிறார்கள். விதி கேட்கும் நான்கும் வீட்டுக்குரியவையே என்பதால், மனையூர்தி என்பதே பொருத்தம். பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில், வேனின் சொந்தக் கூட்டுக்குள்ளேயே அமைத்ததை வேன் மனையூர்தி என்றும், சேசிஸ் (அடிச்சட்டம்) மீது புதுக் கூடு கட்டியதைக் கட்டு மனையூர்தி என்றும் சொல்லலாம்.

‘மனை’ என்ற பெயருக்கு வண்டி தகுதிபெறுவது அளவிலும் அமைப்பிலும்தான். ஐரோப்பிய வேனான ஃபியட் டுகாட்டோவின் உள்ளகலம் 187 செ.மீ.; வெப்பக் காப்பு ஒட்டிப் பலகை அடித்த பிறகும் நடுத்தர உயரக்காரர் குறுக்கே படுக்கலாம். மெர்சிடிஸ் ஸ்பிரின்டர் அதைவிடக் குறுகல். அதில் நெட்டுக்குக் கட்டில் போட்டால் அரை மீட்டருக்கு மேல் நீளம் போய்விடும். இந்தியாவில் டாடா விங்கர் முன்சக்கர இயக்கம், ஃபோர்ஸ் டிராவலர் பின்சக்கர இயக்கம். முன்சக்கர வண்டியில் தண்ணீர்த் தொட்டியையும் பேட்டரியையும் கடைசியில் வைத்தால், மண் சரளை ஏற்றத்தில் பாரம் பின்னால் சாய்ந்து முன்சக்கரம் வெறுமனே சுற்றும். இரண்டையும் அச்சுகளுக்கு நடுவே வையுங்கள். 60 லிட்டர் தண்ணீர் 60 கிலோ என்பதை மறக்க வேண்டாம். அலமாரிக்கு 18 மி.மீ. பர்ச் மரப் பிளைவுட் ஒரு முழுப் பலகை சுமார் 36 கிலோ, 12 மி.மீ. பாப்லர் மரப் பிளைவுட் அதில் பாதிக்கும் குறைவு.

மனையூர்தியை அரித்துத் தின்பது ஈரம். இரண்டு பேர் ஓர் இரவு மூச்சுவிட்டாலே ஏறக்குறைய அரை லிட்டர் நீர் காற்றில் சேரும். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் நீராவி. அது குளிர்ந்த தகட்டில் வியர்த்து, கண்ணாடிப் பஞ்சு வைத்திருந்தால் அதில் ஊறி, பலகைக்குப் பின்னால் துருவாகிறது. அதனால் மூடிய நுண்ணறை கொண்ட ரப்பர் நுரையைத் தகட்டோடு இடைவெளியின்றி ஒட்ட வேண்டும். கதவடியில் உள்ள வடிகால் துளைகளை அடைக்கக் கூடாது. கூரையில் விசிறி வைக்க வெட்டிய விளிம்புக்கு துத்தநாக பிரைமர் பூசிய பிறகே சீலன்ட். கேஸ் காற்றைவிடக் கனமானது. சிலிண்டர் பெட்டியின் தரையில் வெளியே திறக்கும் துளையும், படுக்கையருகே கார்பன் மோனாக்சைடு அலாரமும் கட்டாயம்.

மின்சாரத்தில் பெரும்பாலும் ஒயர்தான் காலை வாரும். பேட்டரியிலிருந்து ஃபிரிட்ஜ் 5 மீட்டர் தள்ளி இருந்தால், போக வர 10 மீட்டர். 5 ஆம்பியருக்கு 1.5 ஸ்கொயர் (சதுர மி.மீ. குறுக்குவெட்டு) ஒயரில் சுமார் 0.6 வோல்ட் வழியிலேயே தொலையும். கம்ப்ரசர் கிளம்பும்போது இன்னும் சரியும். பேட்டரியில் சார்ஜ் இருந்தும் ஃபிரிட்ஜ் தானே நின்றுவிடும். 4 ஸ்கொயர் போட்டால் இழப்பு 0.2 வோல்ட் அளவுக்கு இறங்கும். ஃபியூஸ் பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டி இருக்க வேண்டும். ஃபிரிட்ஜ் பக்கம் வைத்தால் நடுவில் உள்ள ஒயருக்குக் காவலில்லை. 100 ஆம்பியர்-அவர் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 1,280 வாட்-அவர் இருக்கும். 45 வாட் ஃபிரிட்ஜ் பாதி நேரம் ஓடினால் நாளுக்கு 540. வெயிலே இல்லாமல் இரண்டு நாள் தாங்கும். இந்த பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரமாகக் கெடும். லடாக், ஸ்பிதி போகிறவர்கள் அதை வெளிப்பெட்டியில் வைக்காமல் படுக்கைக்கு அடியில் வைப்பது இதனால்தான். யூரோ-6 என்ற ஐரோப்பிய புகைவிதிப்படி வந்த வேன்கள் பலவற்றில், எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் தன் வோல்டேஜைத் தானே குறைத்துக்கொள்ளும். அங்கே இரு பேட்டரிகளை இணைக்கும் வெறும் ரிலே போதாது, வோல்டேஜை உயர்த்தித் தரும் டிசி-டிசி சார்ஜர் வேண்டும்.

பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. எனவே பலகை வாங்குவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது. அங்கே நிரப்பும் தாளில் மனையூர்தி என்று எழுதாமல், அவர்கள் பட்டியலில் உள்ள பெயரையே எழுதுங்கள்.