பழைய சுங்கானில் இரண்டு பல்தடங்கள்

போன வருடம், எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் பல்கூச்சம் என்று வந்தார். இடது பக்கம் மேலே கோரைப்பல்லும் அதற்கு நேர் கீழே இருந்த பல்லும் தேய்ந்திருந்தன. நன்றாகக் கடித்துக் காட்டச் சொன்னேன். மற்ற பற்கள் சேர்ந்துவிட்டன. அந்த ஓர் இடத்தில் மட்டும் சின்ன இடைவெளி. "பைப் பிடிப்பீங்களா சார்?" என்றேன்.

அடுத்த முறை அதைக் கையோடு கொண்டு வந்தார். அவருடைய அப்பாவின் பைப், அதாவது புகை பிடிக்கும் சுங்கான். கறுப்பாக இருந்திருக்க வேண்டிய வாய்முனை, பச்சையும் பழுப்புமாக மங்கியிருந்தது. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று பல் பதிந்த பள்ளங்கள்.

இதே தேய்மானம் பழைய எலும்புக்கூடுகளிலும் உண்டு. லண்டனில் வைட்சேப்பல் பகுதியின் 19-ஆம் நூற்றாண்டு இடுகாட்டைத் தோண்டியபோது கிடைத்த தாடைகளில், பற்கள் வட்டமாகக் குடைந்தாற்போலத் தேய்ந்திருந்தன. எல்லாம் களிமண் சுங்கானின் வேலை. சுட்ட களிமண், பல்லுக்கு அரம் மாதிரி.

அந்தக் களிமண் சுங்கான்களின் காம்பு, காலம் போகப் போக நீண்டுகொண்டே வந்தது. நீளம் கூடினால் புகை ஆறி வரும். உள்துளையோ சிறுத்தது. 1600-ஐ ஒட்டி ஓர் அங்குலத்தின் 64-இல் 9 பங்காக இருந்த துளை, 18-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் 4 பங்காகிவிட்டது. 1954-இல் ஹாரிங்டன் என்ற அமெரிக்கத் தொல்லியலாளர் இதை அளந்து சொன்ன பிறகு, உடைந்த காம்புத் துண்டுகளை வைத்தே ஓர் இடத்தின் காலத்தைக் கணிக்கத் தொடங்கினார்கள். களிமண் காம்பு உதட்டுத் தோலோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் நுனியில் மெழுகும் பூசினார்கள். கூலிவேலைக்காரர்கள் கைகளுக்கு வேலை இருந்ததால் குட்டைக் காம்பைப் பல்லில் இடுக்கிக்கொண்டே உழைத்தார்கள். சூடு நேராக உதட்டில் இறங்கியது. சுங்கான் பிடிப்பவர்களுக்கு உதட்டுப் புற்று அதிகம் வருவதை ஜெர்மன் மருத்துவர் சோமரிங் 1795-லேயே குறித்து வைத்தார்.

அப்புறம் வந்தது, என் தொழிலோடு நேரடி உறவுள்ள பொருள். ரப்பரோடு நிறைய கந்தகம் சேர்த்து வேகவைத்து இறுக்கும் வல்கனைட்டுக்கு 1851-இல் நெல்சன் குட்இயர் காப்புரிமை பெற்றார். பல்செட்டின் அடித்தட்டையும் பைப்பின் வாய்முனையையும் அதிலேயே செய்தார்கள். பின்னாளில் இரண்டுக்குமே அக்ரிலிக் வந்தது. வல்கனைட் பல்லுக்கு இதமானது. கடித்தால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். வெயிலும் காற்றும் பட்டால் அதிலுள்ள கந்தகம் மேலே வந்து நிறம் மாறும். அவர் கொண்டு வந்த பைப்பின் பச்சை அதுதான்.

பல்லுக்கு வழி பிறந்தது. நாக்கு எரிச்சல் தீரவில்லை. 1898-இல் டப்ளினில் சார்லஸ் பீட்டர்சன், புகைத்துளையை முனையின் மேல்பக்கம் திறந்து காப்புரிமை வாங்கினார். புகை நாக்கில் படாமல் மேலே போகும். கைவேலையாகப் பார்த்தால் அழகான யோசனை. ஆனால் மேலே இருப்பது அண்ணம் அல்லவா!

நான் பயப்படுவதும் அங்கேதான். பைப் பிடிப்பவர்களின் அண்ணம் சூட்டில் வெளுத்துத் தடித்து, நடுநடுவே சிவப்புப் புள்ளிகளோடு இருக்கும். அவை வீங்கிய சிறு எச்சில் சுரப்பிகளின் வாய்கள். வலிக்காது, அதனால் யாரும் காட்ட வருவதில்லை. இது பெரும்பாலும் புற்றாக மாறாது. ஆனால் அதே புகை உதடு, நாக்கின் ஓரம், நாக்கின் அடி எல்லாவற்றையும் தொட்டிருக்கிறது. வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ புண்ணோ இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பல்செட் போட்டவர்கள் அதைக் கழற்றிவிட்டுக் காட்டுங்கள்.

அவருக்கும் அண்ணம் வெளுத்துத்தான் இருந்தது. கண்ணாடியைப் பிடித்துக் காட்டினேன்; ரொம்ப நேரம் பார்த்தார். அன்றோடு நிறுத்தினார். மூன்றாம் மாதம் வந்தபோது அண்ணம் இளஞ்சிவப்புக்குத் திரும்பியிருந்தது. தேய்ந்த இரண்டு பற்களையும் அடைத்துக் கொடுத்தேன். பைப் இப்போது அப்பாவின் படத்துக்குக் கீழே, கண்ணாடி அலமாரியில் இருக்கிறதாம்.